தண்ணீரை நிமிர்த்தச் சொன்னார்கள்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. மறந்துவிடவில்லை, நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. எழுதாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஸ்டேஷனரி கடை. முன்பக்கம் நோட்டு, பேனா, அட்டை போடுகிற பிரவுன் தாள். பின்பக்கம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மர பெஞ்ச். அந்த பெஞ்சில் உட்கார்ந்து அவர் அணு செய்துகொண்டிருந்தார். தெர்மகோல் பந்து, பாசிமணி, ஈர்க்குச்சி, போஸ்டர் கலர், பசை. அவ்வளவுதான் முதல். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அதில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும்.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு ‘ப்ராஜெக்ட்’ என்று ஒன்று கொடுப்போம். எரிமலை, சிறுநீரகம், சூரியக் குடும்பம், நீர் மூலக்கூறு. பிள்ளைகள் செய்யாது. பெற்றவர்களுக்கு நேரம் கிடையாது. கடைசி நாள் சாயங்காலம் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்து, தக்காளி வாங்குகிற கையோடு ஒரு சிறுநீரகமும் வாங்கிப் போவார். மறுநாள் நாங்கள், ஆசிரியர்கள், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ‘வெரி குட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். யார் செய்தது என்று எங்களுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும், பெற்றவருக்குத் தெரியும். வெட்கம் மட்டும் யாருக்கும் வராது. பதினைந்து வருடமாக நானும் இந்தக் கையெழுத்தைப் போட்டு வருகிறேன்.

அந்த வியாபாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண், தப்பாகச் செய்யமாட்டேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தார் அவர். சரியாகச் செய்வதற்கு யாரும் அவரைக் கேட்கவில்லை. சரியாகச் செய்தாலும் தப்பாகச் செய்தாலும் ஒரே விலை. ஆனாலும் தப்பு என்றால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

நான் முதன்முதலாக அந்தக் கடைக்குப் போன அன்று ஒரு அம்மாவோடு அவருக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது. கார்பன் அணு கேட்டு வந்த அம்மா. நடுவில் கரு, அதைச் சுற்றி உள் வட்டத்தில் இரண்டு மணி, வெளி வட்டத்தில் நான்கு மணி. அந்த அம்மாவுக்கு அது மொட்டையாகத் தெரிந்தது.

“இந்தப் பக்கமெல்லாம் காலியா கெடக்குதே. இன்னும் ரெண்டு மணி ஒட்டிக் குடேன், பாக்க நல்லா இருக்கும்.”

“வெளியில ரெண்டு சேர்த்தா நடுவுலயும் ரெண்டு புரோட்டான் சேர்க்கணும்மா. சேர்த்தா அது கார்பன் கெடையாது, ஆக்ஸிஜன். உங்க புள்ளைக்கு எது குடுத்திருக்காங்க?”

“எதுவோ ஒண்ணு. கண்ணுக்கா தெரியப்போவுது?”

அவர் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “கண்ணுக்குத் தெரியாததுன்னா இஷ்டத்துக்குச் செய்யலாமா?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை. கேட்ட விதத்தில் அந்த அம்மா ஆறு மணியோடு இருந்த கார்பனை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுபோவதைவிடப் பெரிய அணுவாக வேண்டும் என்று ஒரு தகப்பனார் அடம்பிடித்தார். “அப்ப யுரேனியம் செஞ்சுடலாம் சார். தொண்ணூத்தி ரெண்டு எலக்ட்ரான். மணியை நான் குடுக்கறேன், எண்ணி எண்ணி நீங்க ஒட்டுங்க” என்று ஒரு டப்பாவை அவர் கையில் திணித்தார். மனிதர் ஹீலியத்தோடு நடையைக் கட்டினார். முதலாளி கல்லாவிலிருந்து தலையில் அடித்துக்கொண்டார்.

அவருடையது கிறிஸ்தவக் குடும்பம். டிசம்பர் மாதம் முழுக்க அதே பெஞ்சில் கிறிஸ்துமஸ் குடில் செய்வார். மாட்டைவிடக் கழுதை பெரிதாக இருக்கும், ஆட்டுக்குட்டி மனிதர் இடுப்பளவு நிற்கும். ஒருநாள் சீண்டினேன். “இதுல மட்டும் அளவு வேணாமா அக்கா?”

“குடில்ல கழுதை பெருசா இருந்தா யாரு சார் கெட்டுப்போவா? கழுதைன்னா இன்னான்னு எல்லாருக்கும் தெரியும். அணுவை யாரு பாத்திருக்கா? நான் செய்யறதுதான் அந்தப் புள்ளைக்கு அணு. சாவுற வரைக்கும் அதான் அது மனசுல நிக்கும்.”

தப்பு என்பதற்கு அவரிடம் ஒரு சொல் இருந்தது. ஃபோ. பிரெஞ்சில் தப்பு என்று அர்த்தமாம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், வீட்டில் கணக்குத் தப்பினாலும் குழம்பில் உப்பு தப்பினாலும் ஃபோ என்பாராம். மகளுக்கு மொத்தப் பிரெஞ்சில் மிஞ்சியது அது ஒன்றுதான். செய்த மாடலைக் கண்ணெதிரே தூக்கிப் பார்ப்பார். ஒரு மணி இடம் மாறியிருந்தால், ஃபோ, பிய்த்துவிட்டு மறுபடி.

அணு பற்றி எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. “பசங்க புஸ்தகத்தைக் கொண்டாந்து காட்டித்தானே இதே மாதிரி வேணும்ங்கறாங்க. படிக்காம எப்பிடி சார் செய்யறது?” என்றார். அப்படிப் படித்துத்தான் அவருக்கு அணுக்கருவின் சிறுமை தெரிந்திருந்தது. அணுவை இந்தப் பெரிய மார்க்கெட் அளவுக்கு ஊதினால், அதன் கரு நடுவில் ஒரு கடுகு அளவுக்குத்தான் இருக்கும், மீதி அத்தனையும் வெற்று இடம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மீன்கூடைக்காரிகளும் மூட்டைக்காரர்களும் இடித்துக்கொண்டு போகிற அந்தச் சந்தில் நின்று இதைக் கேட்டவர்கள் நம்பாமல் சிரிப்பார்கள். சிரித்தால் இன்னும் கோபப்படுவார்.

கரு கடுகு அளவு என்று தெரிந்துகொண்டே எலுமிச்சம்பழம் அளவுக்குக் கருவைச் செய்து விற்பது அவரை உறுத்தியது. அதற்காக ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு மாடலின் அடியிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டினார். முத்து முத்தான கையெழுத்து. ‘அளவு பொய். எண்ணிக்கை உண்மை.’ கீழே தன் பெயரின் முதல் எழுத்து. பொருளை விற்கிறவரே பொருளில் எது பொய் என்று எழுதி ஒட்டிக் கொடுத்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எங்கள் பள்ளியின் விளம்பரத் தட்டிகளுக்கு அடியில் அப்படி ஒரு சீட்டு ஒட்ட ஆரம்பித்தால் பசை போதாது.

நான் லாஸ்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பள்ளிக்குச் சாமான் வாங்கப் போய்த்தான் பழக்கம். அவர் சந்தேகங்களைச் சேர்த்து வைத்திருந்து கேட்பார். அப்படி ஒருநாள் இரண்டு புத்தகங்களைத் திறந்து என் முன்னால் போட்டார்.

“இதுல தண்ணி நேரா இருக்குது, அதுல வளைஞ்சு இருக்குது. எது சார் நெசம்?”

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து விளக்கினேன். ஆக்ஸிஜனுக்கு வெளி வட்டத்தில் ஆறு எலக்ட்ரான். இரண்டை மட்டும் இரண்டு ஹைட்ரஜன்களோடு பங்கு போட்டுக்கொள்கிறது. மிச்சம் நான்கும் இரண்டு ஜோடியாகச் சும்மா இருக்கின்றன. சும்மா இருந்தாலும் இடத்தை அடைத்துக்கொண்டு தள்ளுகின்றன. அந்தத் தள்ளலில் இரண்டு ஹைட்ரஜனும் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. அதனால் தண்ணீர் நேர்க்கோடு கிடையாது, வளைந்தது. கோணம் நூற்று நான்கரை டிகிரி.

“டவுன் பஸ்ல ரெண்டு குண்டு ஆளு உக்காந்துட்டா மத்த ரெண்டு பேரும் ஓரமா ஒதுங்கறாப்புல” என்றார்.

“அதேதான்.”

“நேரா இருந்தா இன்னா ஆவும்?”

“இந்தத் தண்ணியா இருக்காது அக்கா. வளைஞ்சு இருக்கறதாலதான் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது. நேரா இருந்தா எல்லாம் ஆவியாப் போயிருக்கும். நம்ம பீச்சுல கடலே இருக்காது.”

கடலே இருக்காது என்றதும் அவர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். கோணமானி வைத்துப் புள்ளி குத்தி, பிளேடால் ஒரு முக்கோணத் துண்டு வெட்டினார். அரை டிகிரிக்காக மூன்று பத்திரிகை வீணாயிற்று. சரியாக வந்ததைத் தன் பழைய பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தத் துண்டை வைத்துப் பார்க்காமல் ஒரு தண்ணீர்கூட அந்த பெஞ்சை விட்டு இறங்கவில்லை. சீட்டும் மாறியது. ‘அளவு பொய். கோணம் உண்மை.’ கார்பன் டை ஆக்ஸைடை மட்டும் நூல் பிடித்ததுபோல நேராகச் செய்வார். அது நேர்தான். அதை வளைத்துக் கேட்டாலும் கொடுக்கமாட்டார்.

ஆக, இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வளைந்தது என்று அவருக்குச் சொன்னவன் நான்.

எங்கள் பள்ளியில் புதுக் கட்டடம் எழும்பியது. அறிவியல் ஆய்வக வாசலுக்கு மேலே, நிலைக்கும் கூரைக்கும் நடுவே, ஒன்றரை அடி உயரமே உள்ள நீளமான ஒரு பட்டை. அதில் நீர் மூலக்கூறு வரையவேண்டும் என்று தாளாளர் சொன்னார். கட்சிச் சுவர் எழுதுகிற ஓவியர் ஒருவர் வந்தார். நடுவில் பெரிய சிவப்பு வட்டம், இரண்டு பக்கமும் வெள்ளை வட்டம், ஸ்கேல் வைத்ததுபோல ஒரே கோட்டில். வளைவாக அல்லவா வரவேண்டும் என்று நான் கீழே நின்று கேட்டேன்.

“வளைச்சா எடம் பத்தாது சார்” என்றார் ஏணி மேலிருந்து.

அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அவருக்குக் கொடுத்தது ஒன்றரை அடி. தாளாளர் வந்து பார்த்தார், எடுப்பாக இருக்கிறது என்றார். முடிந்தது. உலகத்தில் உள்ள அத்தனை தண்ணீரும் எங்கள் வாசல் பட்டைக்கு ஏற்றபடி நிமிர்ந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

திறப்பு விழாவோடு கண்காட்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு நீர் மாடலைக் கையில் வைத்திருக்க, சிறப்பு விருந்தினர் வருவார். மாடல்களுக்கு அந்தக் கடையில்தான் சொன்னோம். சொன்னவன் நான்தான். பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அத்தனையும் வளைந்து, அத்தனையும் ஒரே மாதிரி. பள்ளி முதல்வர் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் வாசலுக்குக் கீழே நின்று மேலே பார்த்தார், கையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. கடைக்குப் போன் போட்டு, செய்த ஆளை வரச் சொன்னார்.

வந்தார். மார்க்கெட்டிலிருந்து பஸ் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து, கையில் அந்தப் பழைய பென்சில் டப்பாவோடு. முதல்வர் அறையில் அவரை உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றேன். ஆனால் நான் மேசைக்கு அந்தப் பக்கம், முதல்வருக்குப் பக்கத்தில்.

“இன்னாம்மா, எல்லாத்தையும் கோணலா செஞ்சு வச்சிருக்கே?”

“கோணல் இல்ல சார். அது அப்பிடித்தான் இருக்கும். நூத்தி நாலரை டிகிரி.”

“செவுத்துல பாத்தியா?”

“பாத்தேன் சார். அது ஃபோ.”

“என்னது?”

“தப்பு சார். எடம் பத்தலைன்னு நேராக்கிட்டாங்க போலிருக்கு. வாசலுக்குப் பக்கத்துச் செவுருல போட்டா வளைச்சே போடலாம்.”

முதல்வருக்குக் காது சிவந்துவிட்டது. “யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலே போதும், மாட்டிக்கொண்டிருப்பேன். பார்வையை மேசை மேலேயே வைத்துக்கொண்டு, “புஸ்தகத்துல இருக்குது சார்” என்றார்.

முதல்வர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். சயின்ஸ் டீச்சர் நீங்க. எது சரி?”

இந்த இடத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பூசி மெழுகாமல். “ரெண்டும் சரிதான் சார். சின்னப் பசங்களுக்கு இது போதும்.” இதுதான் நான் சொன்னது. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை, கல்யாணமாகி எட்டு மாதம், அது இது என்று பல வருடம் எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிப் பார்த்துவிட்டேன். எதுவும் நிற்கவில்லை. ஒரு வாக்கியம் உண்மையாகச் சொல்லியிருந்தால் என்னைத் தூக்கில் போட்டிருக்கமாட்டார்கள்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். “சின்னப் பசங்களுக்குக் கம்மியா சொல்லலாம் சார். தப்பா சொல்லக் கூடாது” என்றார். டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கடை முதலாளிக்கு எங்கள் பள்ளியின் நோட்டு, அட்டை, லேபிள் எல்லாமே போய்விடும் என்று பயம். பந்துகளை நேராக்கு, இல்லையென்றால் பெஞ்சைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார். பதினாலு வருடம் உட்கார்ந்த பெஞ்ச். அந்த வருமானத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று சாயங்காலமே பிரஷ்களைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாராம். ஒரு மூலக்கூறை நிமிர்த்த மறுத்ததற்காக வேலையை விட்டவர் இந்த ஊரில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மாடல்களை முதலாளியே ஆள் வைத்து நேராக்கி அனுப்பினார். ஒரு வெள்ளைப் பந்தைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் குத்தியிருந்தார்கள். பழைய துளை தெரியாமலிருக்க அதன் மேல் சிவப்பு மை. துளை தெரியத்தான் செய்தது. நான்தான் பெட்டிகளைப் பிரித்தேன். நான்தான் பிள்ளைகளிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். அவசரத்தில் யாரும் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

கண்காட்சிக்குப் பெற்றோர்களோடு பெற்றோராக அவரும் உள்ளே வந்துவிட்டார். நல்ல புடவை கட்டியிருந்தார். என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருக்கவேண்டும். வரிசையின் முதல் சிறுமியிடம் மாடலை வாங்கினார். துளையைத் தடவினார். பிறகு திருப்பி அடியைப் பார்த்தார். நான் நான்கடி தள்ளி நின்றேன்.

அடியில் அவருடைய சீட்டு. அவருடைய கையெழுத்து. ‘அளவு பொய். கோணம் உண்மை.’ கீழே அவருடைய எழுத்து.

அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. வேலை போனபோதுகூட அப்படி ஆகியிருக்காது. அவர்கள் பொய் சொன்னதோடு விட்டிருக்கலாம், அந்தப் பொய்க்குக் கீழே அவரைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டார்கள். நகத்தால் சீட்டைச் சுரண்டிப் பிய்த்தார். மாடலைச் சிறுமியிடம் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கினார். பிய்த்தார். அடுத்தது. காவலாள் ஓடிவந்து, “யாரும்மா நீ, இன்னா பண்றே?” என்று கத்தினார்.

“இது என் எழுத்து. எடுத்துக்கறேன். உங்க பொய்யை நீங்க வச்சுக்குங்க. என் பேருல சொல்லாதீங்க.”

தாளாளர், விருந்தினர், எல்லோரும் அந்தப் பக்கம் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசை முழுக்க முடிக்க அவரை விடவில்லை. பாதியில் வெளியே கூட்டிப்போனார்கள். போகிறபோது என் முன்னால் நின்றார். பையிலிருந்த பென்சில் டப்பாவைத் திறந்து அந்தக் கல்யாணப் பத்திரிகைத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இந்தாங்க சார், உங்க நூத்தி நாலரை. நீங்க குடுத்ததுதானே.”

நான் கையை மூடிக்கொண்டேன். வாயையும்தான்.

அவர் போனபிறகு வரிசையின் முதல் சிறுமி என்னிடம் வந்தாள். கையில் சீட்டு பிய்ந்த மாடல். “சார், அந்த ஆன்ட்டி சொல்றது நெசமா, செவுத்துல இருக்கறது நெசமா?”

“அப்பறம் சொல்றேன், லைன்ல நில்லு” என்றேன்.

அவரை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். கடலூர் பஸ்ஸில் போகும்போது, தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில். தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஓரம் சேராத ஒரு தாளை உருவி, எடுத்துப் பார்த்து, உதட்டைச் சுழித்தார். ஃபோ என்றிருப்பார். பஸ் ஐந்து நிமிஷம் நின்றது. ஜன்னல் ஓரத்தில் இருந்தவன் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

போன மாதம் எங்கள் பள்ளியில் காலாண்டுத் தேர்வு. ‘நீர் மூலக்கூறின் படம் வரைக’ என்று ஒரு கேள்வி. ஆசிரியர் அறையில் விடைத்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த என் கண்ணில் ஒரு படம் பட்டது. ஒரு பிள்ளை அழகாக வளைத்துப் போட்டிருந்தது. அதன் குறுக்கே சிவப்பு மையில் பெருக்கல் குறி. திருத்தியவர் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. வேறு யாருமில்லை, பன்னிரண்டு வருடத்துக்கு முன் வரிசையில் முதலாவதாக நின்ற அதே சிறுமிதான்.

“என்னம்மா இது? வளைஞ்சுதானே இருக்கும்? உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். நான் எம்எஸ்சி கெமிஸ்ட்ரி.”

“அப்பறம் ஏன் தப்பு போட்டே?”

“செவுத்துல நேரா இருக்குது. பேரண்ட்ஸ் அதைப் பாத்துட்டு வந்து கேட்டா முதல்வருக்கு நான்தான் பதில் சொல்லணும். எனக்கு இன்னும் பர்மனெண்ட் ஆவல சார்.” பேனாவை மூடிவிட்டு, கொஞ்சம் சிரித்தாள். குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை, பழைய மாணவிக்கு ஆசிரியரிடம் இருக்கிற பிரியம்தான். “ஞாபகம் இருக்கா சார்? அந்த ஆன்ட்டி சீட்டைப் பிச்சாங்களே, அன்னிக்கு எது நெசம்னு உங்களைக் கேட்டேன். அப்பறம் சொல்றேன்னீங்க. பதில் எனக்குக் காலேஜ்லதான் தெரிஞ்சுது. ஆனா நீங்க ஏன் சொல்லலைன்னு இங்க வேலைக்கு வந்தப்பறம்தான் புரிஞ்சுது. சின்னப் பசங்களுக்கு இது போதும் சார்.”

அந்தச் சொற்களை அவளுக்கு யாரும் பாடமாகக் கற்றுத்தரவில்லை. இத்தனை வருடம் என் வகுப்பில் நானே அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்திருக்கிறேன். அவளுக்கு நான் அணு சொல்லிக்கொடுத்தது எவ்வளவு நின்றதோ தெரியாது. இது நின்றுவிட்டது.

மறுநாள் காலை, பிரார்த்தனை மணிக்கு முன்னால், காவலாளிடம் ஏணி வாங்கி ஆய்வக வாசலில் போட்டேன். பட்டையின் அடி ஓரத்தில் கறுப்புப் பெயிண்டில் எழுதினேன். ‘இதில் கோணம் பொய்.’ பர்ஸிலிருந்து அந்தக் கல்யாணப் பத்திரிகைத் துண்டை எடுத்து, சுவரில் வைத்து, ஓரத்தை வரைந்தேன். பக்கத்தில் ‘தண்ணீர் இப்படி இருக்கும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் முழுப் பெயர். கீழே பிள்ளைகள் கூடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த விடைத்தாள் பிள்ளையும் இருந்தது. எது சரி என்று அது கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன்.

மத்தியானம் முதல்வரிடமிருந்து மெமோ வந்தது. பள்ளிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. மூன்று நாளில் எழுத்துமூலம் பதில் தரவேண்டும். கூடவே ஒரு கேள்வி. யாருடைய தூண்டுதலின் பேரில் இப்படிச் செய்தீர்கள், அவர் பெயரைக் குறிப்பிடவும்.

இதுதான் என் பதில், முதல்வர் அவர்களே. தூண்டியவர் யார் என்று மேலே எழுதிவிட்டேன். உங்கள் அறையில் ஒருமுறை அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டீர்கள், யார் சொல்லிக்கொடுத்தது என்று. நான் பக்கத்திலேயே நின்றும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அவர் பெயரை நானும் சொல்லமாட்டேன்.